பச்சைப் பாம்பு கடித்த வலது கை

பச்சைப் பாம்பு கடித்தால் முதலில் எரியும். கருவேல முள் ஏறினாற்போல ஓர் எரிச்சல். பிறகு ஊசிமுனை அளவில் அங்கங்கே ரத்தம் துளிர்க்கும். கொஞ்ச நேரத்தில் கடிபட்ட இடம் தடிக்கும். தொட்டுப் பார்த்தால் மரத்துப்போய் இருக்கும், உள்ளே மட்டும் வலிக்கும். மரத்த இடத்தில் எப்படி வலிக்கும் என்று கேட்பவர்கள் கடிபடாதவர்கள். மறுநாள் வீக்கம் புறங்கைக்குப் பரவும், அரிக்கும், கன்றிப்போய்க் கத்தரிக்காய் நிறம் காட்டும். அப்புறம் தானாக இறங்கும். உயிருக்கு ஒன்றும் இல்லை.

இதில் பாதி நான் புத்தகத்தில் படித்தது. மீதி என் வலது கையில் படித்தது. கை படித்த பாடத்துக்குத் தேதி உண்டு: 1957, ஐப்பசி மாதக் கடைசி வாரம். எனக்குக் கார்த்திகையில் முகூர்த்தம் வைத்திருந்தார்கள்.

எதற்கும் தேதி போட்டு வைக்கிற பழக்கம் எனக்குப் பள்ளிக்கூடத்தில் வந்தது. புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த 1948-இல் ஐந்தாம் வகுப்பில் இருந்தேன். கரும்பலகையின் மூலையில் தினமும் தேதி எழுதுவது என் வேலை. அன்றைக்குப் பிடித்தது, இன்னும் விடவில்லை. எங்கள் பகுதி அப்போது தனி மாவட்டமாகவும் இல்லை. திருச்சி ஜில்லா என்றுதான் தபாலில் எழுதுவோம். எஸ்.எஸ்.எல்.சி. முடித்த பிறகு வீட்டில் இருந்த நாட்களில் எங்கே அச்சடித்த தாள் கிடைத்தாலும் படித்தேன். பழைய பள்ளிக்கூடத்து நூலகத்தில் இரவல் வாங்கிய ஒரு விலங்கியல் புத்தகத்தில்தான் பாம்புகளைப் பற்றிப் படித்தேன். நல்ல பாம்புக்கு நச்சுப் பல் வாயின் முன்னால் இருக்கிறது, பச்சைப் பாம்புக்குப் பின்னால் இருக்கிறது, அதனால் அது கவ்விக்கொண்டு மென்றால்தான் நஞ்சு இறங்கும், அந்த நஞ்சும் ஓணானுக்கும் தவளைக்கும் போதுமானது என்று அதில் எழுதியிருந்தது.

இவ்வளவும் படித்த நான் ஒரு பச்சைப் பாம்பைக் கையால் தடவப் போனது எதற்காக என்று சொல்ல வேண்டும். எல்லாம் ஒரு காபியில் தொடங்கியது.

ஆவணியில் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். எங்கள் ஊர் கீரமங்கலத்துக்குப் பக்கம். மாப்பிள்ளை வீடு அன்னவாசலுக்குப் பக்கம். புதுக்கோட்டையில் பஸ் மாறி வர வேண்டும். மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். அவரைப் பற்றி விசாரித்தபோது எல்லாரும் ஒரே மாதிரி, "அவுக ஆத்தா சமையல் இருக்கே!" என்றுதான் ஆரம்பித்தார்கள். அந்தப் பக்கத்தில் காதுகுத்து, கல்யாணம் எது நடந்தாலும் குழம்பை இறக்குமுன் உப்புப் பார்க்க அந்த அம்மாளைக் கூப்பிடுவார்களாம்.

அப்படிப்பட்டவருக்கு நான் போட்ட காபியைக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தார். டம்ளரைக் கீழே வைக்காமல் என் ஆத்தாவைப் பார்த்து, "பொண்ணு எதுவரைக்கும் படிச்சிருக்கு?" என்று கேட்டார்.

"எஸ்.எஸ்.எல்.சி.ங்க."

"அதான் கேட்டேன். காபி போடுறப்பயும் படிச்சுக்கிட்டேதான் போட்டிருக்கும்போல."

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் டம்ளரில் ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்து முடித்தார். அதை நான் கவனித்தேன்.

பரிசம் போட வந்த அன்று அவரே என் கைக்கு வளையல் அளவு எடுத்தார். என் வலது கையை மடக்கிப் பிடித்து, மாதிரிக் கண்ணாடி வளையல்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, இருந்ததிலேயே சின்ன அளவைத் தேர்ந்தெடுத்தார். "வளையல் கையோட ஒட்டி நிக்கணும். தொளதொளன்னு கெடந்தா தண்ணி மோந்தாலே ஒடஞ்சு போயிரும்" என்றார். அவர்கள் வழக்கப்படி முகூர்த்தத்துக்கு முதல் நாள் மாப்பிள்ளை வீட்டார் வளையல்காரரைக் கூட்டிக்கொண்டு வந்து பெண்ணுக்குக் கண்ணாடி வளையல் போடுவார்கள். போடும்போது ஒரு வளையல் உடைந்தாலும் அபசகுனம். இந்த அளவும் இந்த வழக்கமும் பின்னால் எனக்கு எமனாக வந்தன.

அண்ணன் மனைவி, என் மதினி, அந்தக் காபிக் கதையை மறக்கவே இல்லை. அப்பா இல்லாத வீடு எங்களுடையது. அண்ணன்தான் எல்லாம். அண்ணன் வயலுக்குப் போனபின் அடுப்படி மதினியின் ராஜ்யம். மதினியின் மொச்சைக் குழம்பு தெருவே மணக்கும்.

"ஏத்தா, அந்த வீட்டுல போயி இந்தக் கையோடயா குழம்பு வைக்கப் போற?" என்பார். "நான் கல்யாணத்துக்கு முன்னாடி பச்சப் பாம்ப உருவி விட்டேன். எங்க ஊருல அம்புட்டுப் பொண்ணுகளும் உருவும். அப்புறந்தான் கையில மணமே வரும்."

"அது எப்படி மதினி, பாம்புக்கும் குழம்புக்கும் என்ன சம்பந்தம்?"

"என் குழம்பத் தின்னுட்டு நீ கேக்குறியே, அதான் சம்பந்தம்."

இதற்கு எந்தப் புத்தகத்திலும் பதில் இல்லை. முகூர்த்தம் நெருங்க நெருங்க எனக்கும் மனம் இளகியது. நஞ்சு பெரிதில்லை என்று படித்திருக்கிறோம், ஒரு தடவை தடவிவிட்டால் மதினியின் வாயாவது ஓயும் என்று நினைத்தேன்.

ஐப்பசி மழை விட்ட ஒரு காலை. கொல்லையில் கிளுவை வேலி தளதளவென்று துளிர்த்திருந்தது. அதில் ஒரு கொடி மட்டும் காற்று இல்லாமலே ஆடியது. மதினிதான் பார்த்தார். முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு, பிஞ்சுப் புடலங்காயைப் பறிக்கிற மாதிரி, கழுத்தைப் பிடித்து எடுத்துவிட்டார். விரல் கனத்தில் ஒரு முழத்துக்கு மேல் நீளம். மூக்கு கூராக நீண்டிருந்தது. கண்ணின் பாவை படுக்கைவாட்டில் ஒரு கோடு. நான் படித்ததில் இருந்த அதே அடையாளங்கள். எனக்குப் பயம் போய்ச் சந்தோஷம்கூட வந்தது.

"உருவு, உருவு" என்றார் மதினி. எந்தப் பக்கமிருந்து என்று அவர் சொல்லவில்லை. நான் வால் பக்கமிருந்து தலையை நோக்கி உருவினேன். செதில் எதிர்த்து உரசியது. பாம்பு ஒரு முறுக்கு முறுக்கி மதினியின் முந்தானையிலிருந்து நழுவியது. என் ஆள்காட்டி விரலின் அடிக்கணுவில் கவ்வியது. கவ்விவிட்டு விடவில்லை. மென்றது. என் ஆத்தா ஓடி வந்து, தலையைப் பிடித்துப் பிரித்து வேலிக்கு அப்பால் வீசும்வரை மென்றுகொண்டே இருந்தது.

அதன் பிறகு நடந்ததில் பாம்புக்குப் பங்கு குறைவு.

ஆத்தா போட்ட கூச்சலில் அண்ணன் வயலிலிருந்து வந்துவிட்டான். வந்தவன் கேட்டது, "எந்தக் கை?" என்பது மட்டும். மூட்டை தைக்கிற சணல் கயிற்றை எடுத்து மணிக்கட்டில் ஒரு கட்டு, முழங்கைக்குக் கீழே ஒரு கட்டு. மாட்டுக்கு மூக்கணாங்கயிறு போடுகிற கை அவனுடையது. கயிறு தோலுக்குள் இறங்கியது.

"அண்ணே, இது பச்சப் பாம்பு. இதுக்குக் கட்டே வேணாம்."

"வாய மூடு புள்ள. பேசப் பேச வெஷம் ஏறும்."

புதுக்கோட்டைக்குப் போகிற பஸ் போய்விட்டிருந்தது. வண்டியைப் பூட்டிக்கொண்டு பக்கத்து ஊரில் விஷக்கடிக்குப் பார்வை பார்க்கிறவரிடம் போனோம். போகிற வழியில் என் கை நிறம் மாறியது. முதலில் சிவப்பு, பிறகு ஊதா, பிறகு நாவல் பழத்தின் கருநீலம். விரல்களை மடக்க முடியவில்லை. அண்ணன் ஒவ்வொரு தடவை திரும்பிப் பார்க்கும்போதும், "நீலம் ஏறிருச்சு, நீலம் ஏறிருச்சு" என்று சொல்லி மாட்டை அடித்தான். ஆத்தா அழுதார். மதினி முந்தானையால் என் கைக்கு விசிறிக்கொண்டே வந்தார். கட்டுக்கு மேலே என் கை எப்போதும்போல மாநிறமாகத்தான் இருந்தது. அதை நான் பார்த்துக்கொண்டே வந்தேன். கடித்த இடத்தில் ஒரு வலி, கட்டுக்குக் கீழே வேறொரு வலி. இரண்டும் ஒன்றல்ல. இந்தக் கட்டு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தால் இந்தக் கை எனக்கு இல்லை என்பது எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. கை இல்லாவிட்டால் முகூர்த்தமும் இல்லை.

பார்வை பார்க்கிற பெரியவர் களத்தில் உட்கார்ந்து கடலைச் செடியிலிருந்து கடலை ஆய்ந்துகொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"வேலியா, வீடா, வயலா?"

"வேலிங்க" என்றார் ஆத்தா. "பச்சையா இருந்துச்சுங்க. ஆனா கையப் பாருங்க, கருத்துப் போச்சு."

"பச்சப் பாம்பு கண்ணத்தானே கொத்தும்? கைய ஏன் கொத்துச்சு?"

மதினி தலையைக் குனிந்துகொண்டார். "நான் அத உருவுனேங்க" என்றேன்.

"எதுக்கு?"

"கைமணத்துக்கு."

"எந்தப் பக்கமா உருவுன?"

"வாலுலேருந்துங்க."

"அப்ப அது கடிச்சது ஞாயந்தான்" என்று சொல்லிவிட்டு, வேப்ப மரத்தில் ஒரு கொத்து ஒடித்துக் கொடுத்தார். "மெல்லு. இனிச்சா வெஷம் ஏறியிருக்கு. கசந்தா வெஷம் இல்ல."

மென்றேன். கசந்தது. வாழ்க்கையில் எந்தக் கசப்பும் எனக்கு அவ்வளவு இனித்ததில்லை.

"கசக்குதுங்க."

"நல்லா மென்னு சொல்லு."

"நல்லாக் கசக்குதுங்க. காறுது."

பெரியவர் என் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், மறுபடி கையைப் பார்த்தார். "எலை கசக்குது. கை நீலமா இருக்கு. என்னடா இது?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அண்ணன் அவசரப்பட்டான்: "ஐயா, இன்னொரு கட்டு மேல போட்டுரட்டுமா?"

அப்போது எனக்கு ஒன்று தோன்றியது. எப்படித் தோன்றியது என்று இன்றுவரை தெரியாது.

"அண்ணே, போடலாம். ஆனா மொதல்ல ஒன் வெரல்ல ஒரு கட்டுப் போடு. அதே கயிறு. அதே இறுக்கம்."

"எதுக்குடி?"

"போடுண்ணே. நான் சாகப் போறவ கேக்குறேன்ல."

இதைச் சொன்னதும் ஆத்தா, "போடேண்டா!" என்று கத்தினார். ஒரு கையால் கட்ட அவனுக்கு வராததால் பெரியவரே ஒரு துண்டு சணலை எடுத்து அவன் சுண்டு விரலில் சுற்றி இறுக்கிக் கட்டினார். எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றோம். களத்தில் காய்ந்த கடலையைக் கோழி கொத்தியது, யாரும் விரட்டவில்லை. அண்ணனின் விரல் நுனி சிவந்தது. ஊதாவானது. நாவல் பழ நிறத்துக்கு வந்தது. அவன் விரலை உதறினான்.

"ஐயோ, விண்ணு விண்ணுன்னு தெறிக்குது, அவிழுங்க!"

"ஒன்ன எந்தப் பாம்புண்ணே கடிச்சிச்சு?" என்றேன்.

பெரியவர்தான் முதலில் சிரித்தார். வயிறு குலுங்கச் சிரித்தார். "எலையும் கசக்குதுன்னு சொல்லுது, கயிறும் நான்தான்னு சொல்லுது. இதுக்கு மேல நான் என்னத்தப் பாக்க!" பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து, மேல்கட்டை முதலில் மெல்லத் தளர்த்தி, கொஞ்சம் பொறுத்து, அடுத்ததைத் தளர்த்தினார். அவிழ்க்கிற நேரம் முழுவதும் மந்திரம் சொன்னார். அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆத்தா அந்த மந்திரத்தை நம்பித்தான் கட்டை அவிழ்க்க விட்டார்.

ரத்தம் திரும்பி வந்தபோது ஆயிரம் கட்டெறும்பு கைக்குள் ஓடியது போல் இருந்தது. நான் அழுதேன், சிரித்தேன். நீலம் விரல் விரலாக இறங்கி மாநிறம் வந்தது. கடைசியில் ஆள்காட்டி விரலின் அடிக்கணு மட்டும் சிவந்து தடித்து நின்றது. பாம்பின் பங்கு அவ்வளவுதான். அண்ணன் தன் சுண்டு விரலைப் பார்ப்பதும் என் கையைப் பார்ப்பதுமாக இருந்தான். வீடு திரும்பும்வரை மாட்டை அவன் ஓர் அடிகூட அடிக்கவில்லை.

மறுநாள் ஆலங்குடியில் சர்க்கார் டாக்டரிடம் காட்டினோம். கயிறு பதிந்த இரண்டு வளையங்களுக்கும் மருந்து தடவினார். கடிவாயைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார். "பாம்பு கடிச்சதவிட ஒங்க அண்ணன் கடிச்சதுதான் பெரிசு" என்றார். அண்ணன் வெளியே போய் நின்றுகொண்டான்.

ஆனால் என் கஷ்டம் முடியவில்லை. கட்டு அவிழ்ந்த பிறகுதான் கடியின் வீக்கம் உண்மையாகத் தெரிய ஆரம்பித்தது. அடிக்கணுவிலிருந்து புறங்கைக்குப் பரவியது. ஆள்காட்டி விரல் மரத்து, சூடும் குளிர்ச்சியும் தெரியாமல் இருந்தது. வீக்கம் எங்கே முடிகிறதோ அங்கே பேனா மையால் ஒரு கோடு போட்டேன். கோட்டின் ஓரத்தில் தேதி. மறுநாள் காலை வீக்கம் கோட்டைத் தாண்டியிருந்தது. அங்கே இன்னொரு கோடு. அதற்கு அடுத்த காலை அது தாண்டவில்லை. கோட்டின் மேலேயே நின்றது. அந்தக் காலையை நான் மறக்க மாட்டேன். கையை எல்லாரிடமும் நீட்டிக் காட்டினேன். மதினிக்கு ஒன்றும் புரியவில்லை. "கையில எதுக்குக் காலண்டர் எழுதி வச்சிருக்க?" என்றார்.

இதற்குள் செய்தி பஸ் ஏறிவிட்டது. கீரமங்கலத்தில் ஏறும்போது பச்சைப் பாம்பாக இருந்தது, புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் நல்ல பாம்பாகி, அன்னவாசலில் இறங்கும்போது என் கையைப் பெரியாஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் தாயார் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு மத்தியானம் எங்கள் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரும்போதே கேட்டார்.

"கை இருக்குல்ல?"

நான் கையைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். மைக்கோடுகளைப் பார்த்தார். "இது என்ன, பாம்பு கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருக்கு?"

"நான் போட்டதுங்க அயித்தை. வீக்கம் இங்கிட்டு வரைக்கும் வந்துச்சு. இப்ப இங்கிட்டு எறங்கிருச்சு."

"முந்தாநாள் நீ செத்துப் போயிட்டேன்னு எங்க ஊருக்குச் சேதி வந்துச்சு. நேத்துக் கைய வெட்டிட்டாகன்னு வந்துச்சு. நாளைக்கு என்ன வருமோன்னு நானே வந்துட்டேன்." உட்கார்ந்தார். ஆத்தா கொடுத்த மோரைக் குடித்தார். "சரி, பச்சப் பாம்பப் போயி எதுக்குத் தொட்ட?"

மதினி அடுப்படிக் கதவுக்குப் பின்னால் மறைந்தார். நான் உண்மையைச் சொன்னேன். அந்தக் காபி, அதற்குப் பிறகு பட்ட கேலி, உருவினால் கைமணம் வரும் என்பது, எல்லாம்.

அவர் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அடி கிறுக்கி! நான் ஒரு வார்த்த சொன்னதுக்கா பாம்பப் புடிச்ச? நான் கல்யாணமாகி வந்தப்ப எங்க மாமியா என் ரசத்த மாட்டுத் தொட்டியில ஊத்துச்சு. மாடும் குடிக்கல."

பிறகு சிரிப்பை நிறுத்தினார். "ஆனா ஒண்ணு சொல்றேன், கேட்டுக்க. எங்க பங்காளிக கூடிப் பேசிட்டாக. பாம்பு தீண்டுன பொண்ணு, இப்ப வேணாம், தையில பாத்துக்கலாம்னு. தைன்னா அப்புறம் மாசி. மாசின்னா அப்புறம் ஒண்ணுமில்ல. ஒனக்குத் தெரியாததில்ல."

"நீங்க என்ன சொல்றீங்க அயித்தை?"

ஆத்தா என் தோளைக் கிள்ளினார், இப்படி நேராகக் கேட்டதற்கு. அந்த அம்மாள் மோர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"எனக்கு வளையல் ஏறுனாப் போதும். பரிசத்தன்னைக்கு எடுத்த அதே அளவுதான் கொண்டு வருவேன். பெரிசு வாங்க மாட்டேன். பெரிசு வாங்குனா கை வீங்கிக் கெடக்குன்னு நாமளே ஊருக்குச் சொல்லிக் குடுத்த மாதிரி. அந்தச் சின்ன வளையல் ஒடயாம ஏறட்டும். அப்புறம் எந்தப் பங்காளி வாயத் தொறக்குறான்னு பாக்குறேன்."

அதற்குப் பிறகு வந்த காலைகளில் நான் எழுந்ததும் பார்த்தது சூரியனை அல்ல, என் கணுவைத்தான். கோடு ஒவ்வொன்றாகப் பின்வாங்கியது. கத்தரி நிறம் மஞ்சளானது, மஞ்சள் மங்கியது. அரிப்பு போனது. விரலில் உணர்ச்சி கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. வெந்நீர் சுட்டபோது, "சுடுது, சுடுது!" என்று நான் கத்தியதைக் கேட்டு மதினி பயந்து ஓடி வந்தார். அடிக்கணுவில் மட்டும் ஒரு புளியங்கொட்டை அளவு தடிப்பு இறங்காமல் நின்றது. வளையல் ஏறுகிற இடமும் அதுதான்.

வளையல் போடுகிற நாள் வந்தது. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்தார்கள். அவர்களில் பங்காளி வீட்டுப் பெண்கள் யார் என்பது பார்வையிலேயே தெரிந்தது. வளையல்காரர் இடது கைக்கு எண்ணெய் தடவிப் போட்டார். கலகலவென்று ஏறின. பிறகு வலது கையைக் கேட்டார். கையைப் பிடித்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது. தலை நிமிர்ந்து மாப்பிள்ளையின் தாயாரைப் பார்த்தார். அவர், "போடுங்க" என்றார்.

கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, கணுக்களை ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்த்துப் பிசைந்தார். முதல் வளையல் கட்டைவிரலைத் தாண்டியது. அடிக்கணுவில் வந்து நின்றது. புளியங்கொட்டையில் கண்ணாடி அழுத்தியது. யாரோ, "ஒடஞ்சிரும், பாத்து" என்றார்கள். சொன்ன குரலில் கவலை இல்லை. எனக்கு வலி உச்சந்தலைக்கு ஏறியது. வலிப்பது நல்லதுதான், மரத்துப்போகவில்லை என்று அர்த்தம் என்று நினைத்துக்கொண்டு கையை இன்னும் தளர்த்தினேன். வளையல்காரர் தள்ளவில்லை. மெல்லத் திருகினார், ஒரு மயிரிழை, இன்னொரு மயிரிழை.

வளையல் கணுவைத் தாண்டி மணிக்கட்டில் விழுந்தது. கண்ணாடி ‘டிங்’ என்றது. உடையவில்லை.

மற்றவையெல்லாம் அதன் பின்னாலேயே ஏறின. ஒன்றுகூட உடையவில்லை. மணிக்கட்டில் கயிறு பதிந்த தழும்பை வளையல்கள் மறைத்துக்கொண்டன. வழக்கமாகக் குலவை போடுவது வயதான பெண்கள் யாராவது. அன்றைக்கு என் மாமியாரே எழுந்து நின்று குலவை போட்டார். பங்காளி வீட்டுப் பெண்களைப் பார்த்துக்கொண்டே போட்டார். அவர்களுக்கும் சேர்ந்து போடுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. மதினி எல்லாரையும்விட உரக்கப் போட்டார்.

கைமணத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். 1958 தைப் பொங்கலுக்கு, புகுந்த வீட்டில் முதன்முதலாக நான் சாம்பார் வைத்தேன். மாமியார் ஒரு துளி உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தார்.

"பாம்பு சரியாக் கடிக்கலத்தா. ஒழுங்காக் கடிச்சிருந்தா உப்பு சரியா இருந்திருக்கும்."

சமையல் எனக்கு வர அதற்கு மேலும் சில வருஷங்கள் ஆயின. அது அடுப்பில் நின்று வந்தது. ஆனால் அந்தப் பக்கத்தில் என் குழம்பைச் சாப்பிட்டவர்கள் இன்றும், "பச்சப் பாம்பு கடிச்ச கையில்ல!" என்றுதான் சொல்கிறார்கள். கல்யாணம் நிச்சயமான பெண்கள் சிலர் ரகசியமாக வந்து பாம்பு எந்த வேலியில் கிடைக்கும் என்று கேட்டதுண்டு. அவர்களை நான் அடுப்படிக்கு அழைத்துப் போனேன்.

அதன் பிறகு கடி என்று எங்கே கேள்விப்பட்டாலும் விசாரித்துத் தேதியோடு குறித்துக்கொள்வேன். அறுபதுகளின் தொடக்கத்துக்குள் ஓர் ஒழுங்கு தெரிந்தது. பச்சைப் பாம்பு கடிப்பது பெரும்பாலும் கையில். வேலியில் தழை ஒடிக்கிறவர்களை, பந்தலில் காய் பறிக்கிறவர்களை. பூனைப் பாம்பு கூரை மாற்றுகிறவர்களையும் விறகு எடுக்கிறவர்களையும் கடிக்கும். கொஞ்சம் வீங்கி அடங்கும். தண்ணீர்ப் பாம்பு நடவு வயலில் காலைப் பிடிக்கும். ரத்தம்தான் நிறைய வரும், நஞ்சு கிடையாது. ஆனால் என்ன பாம்பு என்று கண்ணால் பார்க்காதவர்களுக்கு இதில் எதையும் நான் சொன்னதில்லை. பார்க்கவில்லையா, உடனே பெரியாஸ்பத்திரிக்குப் போ. அவ்வளவுதான் சொல்வேன். கட்டுவிரியனும் கண்ணாடிவிரியனும் நம் வயலில்தான் இருக்கின்றன.

1962 கார்த்திகையில், மாமியாரும் நானும் வாசலில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தபோது, எதிர்வீட்டு அவரைப் பந்தலிலிருந்து அலறல் கேட்டது. ஓடிப் போனோம். எதிர்வீட்டுப் பெண்ணின் விரலில் ரத்தம். பந்தலில் பச்சைப் பாம்பு இன்னும் தலையை நீட்டிக்கொண்டு தொங்கியது. அவள் புருஷன் கிணற்றுக் கயிற்றோடு ஓடி வந்தான்.

நான் வாயைத் திறப்பதற்குள் மாமியார் அவன் முன்னால் போய் நின்றுவிட்டார். பாம்பை அண்ணாந்து பார்த்தார். மூக்கைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், திரும்பினார்.

"பச்சதான். டேய், அந்தக் கயிற இங்கிட்டுக் குடு."

"வெஷம் ஏறுது பெரியாத்தா!"

"ஏறும், ஏறும். மொதல்ல ஒன் சுண்டு வெரல நீட்டு. அங்கிட்டுக் கட்டிப் பாத்துட்டு இங்கிட்டுக் கட்டலாம்."

அவன் விரலை நீட்டவில்லை. கயிற்றையும் கட்டவில்லை. அந்தப் பெண் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். நான் பேனாவை எடுத்துவந்து அவள் புறங்கையில் கோடு போட்டு, தேதியும் எழுதினேன். அடுத்த வாரம் அவள் அதே பந்தலில் அவரைக்காய் பறித்துக்கொண்டிருந்தாள். எங்களுக்கும் ஒரு படி கொடுத்தாள். அன்றைக்கு அவரைக்காய்ப் பொரியல் வைத்தது நான்தான். உப்பு சரியாக இருந்தது.